23 சட்டைகளும் ஒரு பழைய பிரிண்டரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இந்த ஆண்டு 23 பிள்ளைகள். விளையாட்டுப் போட்டிக்குப் பெயரும் எண்ணும் போட்ட ஜெர்சி தரவேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் முடிவானது. செயலாளர் தம்பி சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை போய் விசாரித்துவிட்டு வந்தார். ஒரு கடையில் 50 சட்டைக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்களாம். இன்னொரு கடையில் 30. வெவ்வேறு பெயர் போடுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு.

"அக்கா, நீங்க தைக்கிறீங்கதானே. எண்ணை வெட்டி வெச்சுத் தெச்சுக் குடுத்துட முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். ஆனால் ஜெர்சித் துணி மெல்லியது, இழுபடும். அதன்மேல் இன்னொரு துணியை வைத்துத் தைத்தால் சுற்றிலும் சுருங்கும். வெயிலில் ஓடுகிற பிள்ளைக்கு முதுகில் அது ஒரு பாரம். ரப்பர் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுகிற எண்களும் எனக்குப் பிடிக்காது. துவைக்கத் துவைக்க வெடித்து உரிந்துவிடும். சப்ளிமேஷன் என்கிற அச்சு முறை பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். பாலிடெக்னிக் படிப்பு முடித்த அக்கா மகன் விட்டுப்போன பிரிண்டர் ஒன்று அலமாரி மேல் தூசியோடு இருந்தது. "பத்து நாள் குடுங்க தம்பி, பாத்துச் சொல்றேன்" என்றேன். கடைசியில் ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தில் கற்றதை எழுதி வைக்கிறேன். என்னைப்போல் வீட்டிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் இது என்ன வேலை என்பது. பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்போம். சாமி அறையில் திறந்து வைத்த கற்பூரம் உருகித் தண்ணீராகாமலேயே நாளுக்கு நாள் சிறுத்துப்போகிறதே, அதுதான். சப்ளிமேஷன் மையில் இருக்கும் சாயமும் அப்படியே. காகிதத்தில் அச்சடித்துத் துணிமேல் கவிழ்த்து 200 டிகிரி செல்சியஸ் அளவில் அழுத்தினால், திடமாக இருந்த சாயம் நேராக ஆவியாகிவிடும். அந்தச் சூட்டில் பாலியஸ்டர் இழை இளகிக் கொடுக்கும், ஆவி உள்ளே புகும். ஆறினதும் இழை இறுகிச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். துணியின் மேல் எதுவும் ஒட்டவில்லை, இழைக்கே நிறம் வந்துவிட்டது. அதனால்தான் தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தட்டுப்படாது, உரியவும் உரியாது.

இதற்கு எல்லா இங்க்ஜெட் பிரிண்டரும் ஆகாது. கேனான், எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் துளியை வெளியே தள்ளுகிறவை. சூட்டுக்கு மாறுகிற சாயத்தை அதில் ஊற்றினால் மை தெளிக்கும் தலை அடைத்துக்கொள்ளும். எப்சன் பிரிண்டர் தலையில் இருப்பது பீசோ. மின்சாரம் பட்டதும் வளைந்து கொடுக்கும் சின்னப் படிகம், அந்த வளைவிலேயே துளி தெறிக்கும். சூடு இல்லை. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வருகிறது என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த விஷயத்தைத் திருப்பிப் போட்டதுதான் இது. அலமாரியில் இருந்தது எப்சன் எல்120, நான்கு நிறம், பக்கவாட்டில் மை டேங்க். நல்லவேளை.

புது பிரிண்டர் வாங்குகிறவர்களுக்கு வேலை சுலபம். பெட்டியோடு வரும் மையைத் தொடாமல் முதல் துளியிலிருந்தே சப்ளிமேஷன் மையை ஊற்றிவிடலாம். உத்தரவாதம் மட்டும் போய்விடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது பழசு. டேங்கிலும் குழாயிலும் தலையிலும் சாதாரண மை. அதை வெளியேற்றுவதுதான் பாதி உழைப்பு.

இதற்கென்று பிரிண்டர் மென்பொருளிலேயே ஒரு வழி இருக்கிறது, பவர் இங்க் ஃபிளஷிங். குழாயிலுள்ள மை முழுவதையும் இழுத்துத் தள்ளிவிடும். அதை நான் உடனே தொடவில்லை. தள்ளுகிற மை எல்லாம் பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சில்தான் போய்ச் சேரும். அந்தப் பஞ்சுக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், கணக்கு நிறைந்தால் பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றுவிடும். பழைய பிரிண்டரில் ஏற்கெனவே எவ்வளவு நிறைந்திருக்கிறதோ. அதனால் சிரிஞ்சைக் கையில் எடுத்தேன்.

ஃபார்மசியில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சு நான்கு வாங்கினேன், நிறத்துக்கு ஒன்று. முனையில் மீன் தொட்டிக்குப் போடுகிற மெல்லிய குழாயில் ஒரு துண்டு. டேங்கில் இருந்த பழைய மையை உறிஞ்சி எடுத்து, பிரிண்டர் கிளீனிங் திரவத்தை ஊற்றினேன். அப்புறம் தலைக்கு மேல் குழாய்கள் வந்து சேருமிடத்தில் டேம்பர் என்கிற சின்னப் பெட்டிகள் இருக்கும். அதன் வாயில் சிரிஞ்சை வைத்து மெதுவாக இழுத்தேன். வேகமாக இழுத்தால் காற்று புகுந்துவிடும். முதலில் கெட்டிச் சிவப்பு, அடுத்தது சிராப் தண்ணி நிறம், பிறகு அதில் ஐஸ் கரைந்த நிறம். கறுப்புதான் கடைசிவரை விடவில்லை. ஐந்து முறை இழுத்தும் சாம்பல் பூத்தது. திரவத்தை உள்ளேயே விட்டு ஒரு நாள் ஊறவைத்தேன். மறுநாள் இரண்டே இழுப்பில் தெளிந்தது. ஊறவைப்பதை முதல் நாளே செய்திருந்தால் அரை போத்தல் திரவம் மிச்சமாகியிருக்கும்.

மையை ஊற்றுமுன் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். சாதாரண மையில் சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும். இதில் கரையாத நுண்துகளாக மிதக்கிறது, நாள்பட்டால் அடியில் தங்கிவிடும். டேங்க் மூடிகளில் டேப் ஒட்டி நிறத்தின் பெயரைத் தமிழில் எழுதினேன். ஊற்றி முடித்து, டேங்க் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, அப்போது ஒரே ஒரு முறை பவர் ஃபிளஷிங் கொடுத்தேன். அதைத் திரும்பச் செய்ய வேண்டுமானால் பிரிண்டரை நிறுத்தி 12 மணி நேரமாவது விட வேண்டும். எனக்குத் தேவைப்படவில்லை. துளைகளில் மை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும் நாசில் செக் தாளில் நான்கு நிறக் கோடுகளும் படிக்கட்டு மாதிரி அறுபடாமல் வந்தன. அந்தத் தாளை இன்னும் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கோடு சரியாக வந்தால் பழைய மை போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாஜு கூரோங் என்கிற மலாய்ப் பெண்கள் உடைக்கு உள்ளே வைக்கும் வெள்ளை பாலியஸ்டர் லைனிங் வெட்டியது என்னிடம் எப்போதும் மூட்டையாகக் கிடக்கும். நான்கு நிறப் பட்டைகளை அச்சடித்து அதில் அழுத்திப் பார்த்தேன். துணியில் நீலம் மட்டும் வெளிறிக் கிடந்தது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தால், மற்ற மூன்று பட்டையும் ஆவியாகி மங்கிப்போயிருக்க, நீலம் கொஞ்சமும் நகராமல் காகிதத்திலேயே இருந்தது. சாதாரண மை ஆவியாகாது, அதனால் அங்கேயே நிற்கிறது. நீலக் குழாயில் இன்னும் பழசு இருக்கிறது. முழுத்தாள் நீலமாக ஏழு தாள் அடித்த பிறகுதான் பட்டை துணிக்கு ஏறியது. அன்றிலிருந்து துணியைப் பார்ப்பதற்குமுன் உரித்த காகிதத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எந்த இடத்தில் என்ன கோளாறு என்று அதில் தெரிந்துவிடும்.

அச்சடித்த தாளைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் நிறம் மங்கலாக, பழைய காலண்டர் மாதிரித்தான் இருக்கும். சூட்டில்தான் அது விழித்துக்கொள்ளும்.

சூடேற்றி அழுத்தும் ஹீட் பிரஸ், கோலகங்சாரில் கடையை மூடிய ஒருவரிடம் 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. 38க்கு 38 சென்டிமீட்டர், வாய் பிளந்து மூடுகிற வகை. 1,400 வாட். நம் வீட்டு 230 வோல்ட்டுக்கு ஆறு ஆம்பியர் போல இழுக்கும். சுவரில் உள்ள 13 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுகிறேன். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில், அதுவும் சோற்றுப் பானையோடு சேர்த்து, வேண்டவே வேண்டாம். எங்கள் வீடுகளில் வயரிங் பழசு.

முதல் சட்டை தோற்றது துணியால். சங்கத்தில் யாரோ வாங்கி வைத்திருந்த வெள்ளை டி-சட்டை, பார்க்க அழகாக இருந்தது. 200 டிகிரி, 60 விநாடி. எண் 7 கறுகறுவென்று ஏறியது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சாயங்காலம் அலசினேன். வாளித் தண்ணீர் கலங்கியது, 7 சாம்பலாகி நின்றது. பருத்திச் சட்டை. பருத்தி இழைக்குள் இந்தச் சாயம் புகாது, மேலே உட்கார்ந்திருந்து தண்ணீரோடு போய்விடும்.

சட்டையில் லேபிள் இல்லையென்றால் தையல்காரர்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஓரத்தில் நாலு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு உருகி, கடுகு மாதிரி ஒரு கெட்டி மணியாகும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலும் மணியும் சேர்ந்து வரும். அதில் அடித்தால் பாலியஸ்டர் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நிறம் நிற்கும். பிறகு மைக்ரோஃபைபர் ஜெர்சி, முழுப் பாலியஸ்டர், ஒன்று 9 வெள்ளிக்கு வாங்கினோம்.

இல்லத்து நிறம், அதாவது பள்ளி விளையாட்டு அணியின் நிறம், அடுத்த சிக்கல். பாரதி இல்லம் மஞ்சள், வள்ளுவர் இல்லம் நீலம். அந்தந்த நிறத்திலேயே ஜெர்சி வாங்கிவிடலாம் என்று சங்கத்தில் நினைத்தார்கள். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. துணியின் நிறம் அடியிலிருந்து தெரியும். மஞ்சள் துண்டில் நீல எழுத்து அடித்துக் காட்டினேன், பச்சையாக வந்தது. நீலத்தின்மேல் எதுவுமே தெரியவில்லை. ஆகவே எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, இல்லத்து நிறத்தில் மார்புக் குறுக்கே ஒரு பட்டை, முதுகில் எண்ணும் பெயரும். சங்கத்தில் ஒரு அண்ணன் கடைசிவரை மஞ்சள் சட்டைதான் வேண்டும் என்றார். செய்து காட்டியதும் அவரே "வெள்ளைதான் பளிச்சுனு இருக்கு" என்றார்.

பெயர்களைத் தமிழில் போட வேண்டும் என்பது என் பிடிவாதம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதுகில் தமிழில் பெயர் இருக்கட்டும். நான் முதலில் பயன்படுத்திய பழைய படமென்பொருளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறின. கோகிலா என்று தட்டினால் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. இன்க்ஸ்கேப் என்கிற வேறொரு படமென்பொருளில் தட்டியபோது எழுத்து ஒழுங்காக வந்தது. தட்டி முடித்ததும் எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டால் வேறு கணினியில் திறந்தாலும் கலையாது. அப்புறம் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்ட வேண்டும். எண் 8 மாதிரி இருந்தால் புரட்டாவிட்டாலும் தெரியாது. பெயரில் தெரிந்துவிடும். ஒரு தாளைப் புரட்ட மறந்து அடித்தேன், அழுத்துவதற்குமுன் கண்ணில் பட்டது. இப்போது ஒவ்வொரு தாளையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பின்புறமிருந்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. என் கறுப்பு முதலில் பாசிபிடித்த பச்சையாக வந்தது. பிரிண்டர் தன்னுடைய பழைய மைக்குத்தான் கணக்குப் போடுகிறது, நாம் ஊற்றியது வேறு மை என்று அதற்குத் தெரியாது. மை விற்றவரிடம் அந்த மைக்கு நிறத்தைச் சரிசெய்யும் ஐசிசி கோப்பைக் கேட்டு வாங்கி, படமென்பொருளில் அதைக் கொடுத்து, பிரிண்டரின் சொந்த நிறத்திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தினால் இன்னும் மோசம். செய்தபின் கறுப்பு கறுப்பாயிற்று.

ஆனால் ஒரு மூலையில் மட்டும் இல்லை. அடித்துப் பார்த்த எல்லாத் துண்டிலும் இடதுபக்கக் கீழ்மூலை வெளிறியே வந்தது. மை குறைவோ, தாள் ஈரமோ என்று மூன்று நாள் தேடினேன். கடைசியில் ஒரு தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து அழுத்தினேன். அப்போதும் அதே இடதுமூலைதான் வெளிறியது. அப்படியானால் கோளாறு தாளில் இல்லை, பிரஸ்ஸில் இருக்கிறது. 30 வெள்ளிக்குச் சூடு பார்க்கும் துப்பாக்கி ஒன்று வாங்கித் தட்டில் காட்டினேன். திரையில் 200 என்று இருக்க, நடுவில் 198, அந்த மூலையில் 181. பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். என் தட்டு கறுப்புப் பூச்சு உள்ளது, அதனால் நம்பலாம். மூலையை என்னால் சரிசெய்ய முடியவில்லை. தட்டின் நடுவில் ஏ4 தாள் அடங்குமளவுக்கு சாக்கட்டியால் அடித்தட்டில் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்குள் வைத்தது ஒன்றும் வெளிறவில்லை. வெளிறுகிறதே என்று நேரத்தைக் கூட்டியும் பார்த்திருந்தேன். 90 விநாடிக்குக் கறுப்பு காப்பி நிறமாகப் போனது, வெள்ளைத் துணியும் லேசாகப் பழுத்தது. 60 விநாடி போதும்.

பிறகு மழை. எங்கள் பக்கம் பிற்பகல் ஆனால் வானம் இறங்கிவிடும். ஒரு சாயங்காலம் சோதனைக்கு அடித்த நான்கு துண்டிலும் எழுத்து ஓரங்கள் நார் நாராகப் பிரிந்து, வெள்ளையில் நீலப் புள்ளிகள் தெறித்திருந்தன. காலையில் அடித்தவை சுத்தமாக இருந்தன. காகிதக் கட்டை மேசைமேல் திறந்து வைத்திருந்தது நான்தான். தாளும் துணியும் ஈரம் குடிக்கும். 200 டிகிரி பட்டதும் அந்த ஈரம் ஆவியாகிச் சாயத்தையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். இப்போது காகிதம் தீபாவளிப் பலகார டின்னில், மருந்துப் போத்தல்களிலிருந்து சேர்த்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இருக்கிறது. சட்டையை வெறுமனே ஏழு விநாடி முதலில் அழுத்துகிறேன். மழை நாளில் தூக்கும்போது சட்டையிலிருந்து மெல்லிய புகைபோல ஆவி கிளம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அதன்பின் ஒட்டுருளையால் ஒரு தேய். ஒற்றை நூல் பிசிறு இருந்தாலும் அது நீலக் கீறலாகப் பதிந்துவிடும்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. சட்டைக்குள் ஒரு வெள்ளைத் தாளைச் செருகாவிட்டால் ஆவி பின்பக்கத்துக்கும் போகும். தாளைச் சூடு தாங்கும் டேப்பால் ஒட்டாவிட்டால், பிரஸ்ஸைத் திறக்கையில் மேல்தட்டோடு எழும்பிக் கொஞ்சம் நகரும். நகர்ந்த இடத்தில் எழுத்துக்கு நிழல் விழும். தாளின் நேர்விளிம்பு ஜெர்சியில் சதுரமாகத் தழும்பு போடும். விளிம்பைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால் அந்தத் தழும்பு விழாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

குவளையிலும் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணக் கடைக் குவளையில் ஏறாது. பாலிமர் பூச்சுள்ள குவளை வேண்டும், அதைச் சுற்றிப் பிடிக்கும் தனி பிரஸ்ஸும் வேண்டும். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

23 சட்டையை ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி மழைக்குமுன் முடித்தேன். கெட்டது இரண்டு, கையிருப்பில் நாலு கூடுதலாக வாங்கியிருந்தோம். இந்த பிரிண்டரை நாள்கணக்கில் சும்மா விட்டால் துகள் தங்கித் தலை அடைக்கும் என்பதால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிய கையோடு ஒரு நாசில் செக் தாள் அடித்துவிடுகிறேன்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது தலைமையாசிரியை கூப்பிட்டார். வேறு ஊரிலிருந்து ஒரு குடும்பம் மாறி வந்திருக்கிறது, இரண்டாம் ஆண்டில் ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். "ஒரே ஒரு சட்டைதான், கேக்கவே சங்கடமா இருக்கு. இப்ப போட முடியுமா?" என்றார்.

இரவு எட்டரைக்குப் பெயரைத் தட்டினேன். எண் 24, பாரதி இல்லம், மஞ்சள் பட்டை. ஒன்பதேகாலுக்குச் சட்டை ஆறிவிட்டது. மறுநாள் அவன் அம்மா வந்து வாங்கிக்கொண்டார். பெயர்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார், நகத்தால் லேசாகச் சுரண்டியும் பார்த்தார்.

"ஐயர்ன் போடலாமா அக்கா?"

"உட்புறமாத் திருப்பி, சூட்டைக் குறைச்சு வெச்சுப் போடுங்க. குளோரெக்ஸ் பிளீச் மட்டும் ஊத்திடாதீங்க" என்றேன்.